பணிக்குச் செல்லும் தாயும் பால்குடிக் குழந்தையின் உரிமையும்

 

  

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளை இந்த மிம்பரில் நான் இதுவரை பேசியதில்லை. பேசக் கூச்சப்பட்டேன் என்பதே உண்மை. ஆனால் அல்பகரா அத்தியாயத்திலும், லுக்மானிலும், கஸஸிலும், அஹ்காஃபிலும், தலாக்கிலும் அல்லாஹ் பாலூட்டுதலைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறான். இறைவன் பேசிய ஒன்றைப் பேச எனக்கு என்ன கூச்சம்?

ரமளான் கழிந்து சில நாட்களுக்குப் பின், அஸர் தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் தயங்கியபடி வந்து நின்றார். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்” என்றார். அவருடைய மனைவி ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் செவிலியர். குழந்தைக்கு ஐந்து மாதம். பணியிடத்தில் பாலைப் பீய்ச்சிப் புட்டியில் எடுத்து, ஐஸ் வைத்த பெட்டியில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். மறுநாள் அவர் பணிக்குச் சென்றபின் பாட்டியார் அதைக் குழந்தைக்குப் புகட்ட வேண்டும்.

இளைஞரிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. அந்த வார்டின் குளிர்சாதனப் பெட்டியில் இன்னொரு செவிலியரும் தம் குழந்தைக்கான பாலை வைக்கிறார். புட்டி மாறிவிட்டால் மார்க்கத்தில் என்ன நிலை என்பது முதல் கேள்வி. இரண்டாவதைக் கேள்வி என்பதைவிட முறையீடு என்றே சொல்லவேண்டும். அவருடைய தாயார், “நேற்று எடுத்த பாலை இன்று பிள்ளைக்குக் கொடுப்பதா? அது செத்த பால்” என்று கூறி, புட்டிப் பாலை அங்கணத்தில் ஊற்றிவிட்டு மாவுப்பால் கரைத்துக் கொடுத்துவந்திருக்கிறார். பத்து நாட்களாக நடந்த இது முந்தைய இரவுதான் மருமகளுக்குத் தெரியவந்தது. அவர் விடியும்வரை அழுதிருக்கிறார்.

முதல் கேள்விக்குக் கிதாபுகளில் உள்ளதைச் சொன்னேன். இரண்டாவதற்கு யோசிக்காமலே, “பிள்ளை பால் மறக்கும்வரை வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள்” என்றேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “ஹஜ்ரத், சென்ற ஆண்டு உங்கள் மருமகளுக்குப் பிரசவமானபோது இரவு இரண்டு மணிவரை உடன் நின்றது என் மனைவிதான். அப்போது அவளே நான்கு மாதக் கர்ப்பிணி. அவளுடைய பணி அன்று எட்டு மணிக்கே முடிந்துவிட்டது.”

என்னால் பதில் கூற இயலவில்லை. அந்த இரவில் மருத்துவமனை வாசலில் நின்று, “உள்ளே பெண்கள் மட்டுமே இருக்க வேண்டும்” என்று மூன்று முறை சொல்லி அனுப்பியவன் நான்.

அன்பர்களே! உங்களில் எத்தனை பேர் இவ்வாறு சொல்லியிருக்கிறீர்கள்? நம் மனைவியருக்கும் மகள்களுக்கும் பிரசவம் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும், பெண் செவிலியர் வேண்டும் என்று கேட்கிறோம். கேட்பது நியாயமே. அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் ஒரு தொட்டில் ஆடுகிறது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். தமிழில் செவிலி என்ற சொல் ஒரு காலத்தில் வளர்ப்புத் தாயைக் குறித்தது. பிறர் பிள்ளையைப் பேணுபவள் என்ற பொருள் இன்றைய செவிலியருக்கும் பொருந்திவிடுகிறது. அவள் பிள்ளையை யார் பேணுவது என்பதுதான் கேள்வி.

இந்தப் பணியின் தன்மையைச் சற்று அறிந்துகொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் பணிபுரிகின்றனர். அங்கும் சிரமம் உண்டு; எனினும் இடைவேளை மணி எப்போது அடிக்கும் என்பது தெரியும். பிரசவ வார்டில் அது தெரியாது. பதினோரு மணிக்குப் பால் எடுக்கலாம் என்று அவள் எண்ணியிருப்பாள். பத்து ஐம்பதுக்கு ஒரு பெண்ணுக்குக் குழந்தையின் தலை தெரியத் தொடங்கும். குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி வெளியேறி, உதிரப்போக்கு அடங்கியதா என்று பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பெண்ணை அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு மணிக்கு வரவேண்டிய மாற்றுச் செவிலியர் வராவிட்டால் அவளே தொடர வேண்டும். இத்தனைக்கும் நடுவில் மார்பு கனத்து, வலித்து, பால் கசிந்து சீருடை நனையும். மேலங்கியால் மறைத்துக்கொண்டு நிற்பாள்.

“ஒரு வேளை எடுக்காவிட்டால் என்ன, சேர்ந்துதானே இருக்கும்?” என்று ஆண்கள் நினைக்கிறோம். குடத்து நீரைப் போன்றதன்று பால். எடுக்க எடுக்கத்தான் அது சுரக்கும். மார்பு நிறைந்தே நெடுநேரம் இருந்தால், இவ்வளவு தேவையில்லை என்று உடல் புரிந்துகொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். அடிக்கடி வேளை தவறினால் சில நாட்களிலேயே பால் குறைவதைத் தாய் உணர்வாள். பால்கட்டு உண்டாகி, மார்பு சிவந்து, காய்ச்சல் வருவதும் உண்டு. ஆகவே பிள்ளையை விட்டுப் பிரிந்திருக்கும் தாய் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பாலை எடுத்தாக வேண்டும். அதற்குத் தேவை பதினைந்து, இருபது நிமிடங்களும் தாழிட்ட ஓர் அறையும்தான். அவளுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறை, அல்லது கழிப்பறை. கழிப்பறையில் அமர்ந்து நாம் உணவு உண்போமா? அங்கே குழந்தையின் உணவை எடுக்கச் சொல்கிறோம்.

அல்பகராவின் 233-ஆம் வசனத்தைப் பாருங்கள். பாலூட்டுதலை நிறைவாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று கூறிய அல்லாஹ், அதே மூச்சில் தந்தையின் பக்கம் திரும்புகிறான்: அந்தத் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்கிறான், பிள்ளையின் பொருட்டால் தாய் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்கிறான், பால் மறக்கச் செய்வதாயினும் இருவரும் மனமொத்துக் கலந்தாலோசித்துச் செய்ய வேண்டும் என்கிறான். குழந்தையை மார்பில் ஏந்துபவள் ஒருத்தி. பொறுப்போ குடும்பம் முழுவதற்கும். உலகச் சுகாதார நிறுவனமும் முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்றே பரிந்துரைக்கிறது.

மூஸா (அலை) அவர்களின் தாயாரை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குப் பாலூட்டு, அஞ்சினால் ஆற்றில் விட்டுவிடு என்று அவர்களுக்கு அறிவிக்கப்பட்டதாக அல்கஸஸ் அத்தியாயம் (28:7) கூறுகிறது. அடுத்த முறை எப்போது என்று அறியாமல் பாலூட்டிய தாய் அவர். மற்ற பெண்களின் பாலை மறுத்த குழந்தையை அல்லாஹ் மீண்டும் அவரிடமே சேர்த்தான். விடியற்காலையில் பிள்ளைக்குப் பாலூட்டிவிட்டு, மாலை எப்போது திரும்புவோம் என்றறியாமல் பேருந்து ஏறும் பெண்ணைக் காணும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த வசனம் நினைவுக்கு வருகிறது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இப்னு ஸஅத் (ரஹ்) முதலானோர் பதிவு செய்துள்ளனர். நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று வேறு கோணத்தில் கேளுங்கள். மதீனாவுக்கு வந்த ஒரு வணிகக் கூட்டம் தொழுகைத் திடலில் தங்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் கலீஃபாவே இரவுக் காவலுக்குச் சென்றார்கள். ஒரு குழந்தை அழுதது. உமர் (ரலி) அவர்கள் சென்று, அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளையை நன்றாகக் கவனிக்குமாறு தாயிடம் கூறித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் சென்று அவ்வாறே கூறினார்கள். இரவின் கடைசியில் மூன்றாம் முறை சென்றபோது, நீ என்ன தாய் என்று கடிந்தேவிட்டார்கள். வந்திருப்பவர் யார் என்று அறியாத அப்பெண், பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்ய முயல்கிறேன், அவன் மறுக்கிறான் என்றாள். ஏன் அவசரம் என்று கேட்டதற்கு, பால் மறந்த குழந்தைக்குத்தானே உமர் உதவித்தொகை தருகிறார் என்றாள். அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பால் மறக்கச் செய்ய அவசரப்படாதீர்கள், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்து, எல்லா மாகாணங்களுக்கும் எழுதியனுப்பினார்கள்.

கலீஃபா அவர்கள் முதல் இரு முறை அறிவுரை கூறினார்கள். மூன்றாம் முறை கடிந்தார்கள். அழுகைக்குக் காரணம் தம்முடைய சட்டம் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நாளில் சட்டத்தை மாற்றினார்கள். “வேலையை விடச் சொல்லுங்கள்” என்று நான் கூறியதும் முதல் வகை அறிவுரைதான். வேலையை விட வேண்டும் என்று தாயே முடிவெடுத்தால் அது அவள் உரிமை. அவளுடைய சம்பளத்தில் நம் வீட்டுக் கடன் அடைய வேண்டும், அவளுடைய கையால் நம் பேரப்பிள்ளை பிறக்க வேண்டும், அவள் பிள்ளையின் பால் மட்டும் அவள் பாடு என்பது நீதியாகாது.

பணியிடம் நடத்தும் செல்வர்களே! 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வுக்கு மேல் நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வழங்கியது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தி, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் எடுத்துக்கொண்ட பெண்ணுக்குப் பின்னே எஞ்சுவது பதினெட்டு வாரம்தான். பிள்ளைக்கு நான்கு மாதம் முடியும்போது அவள் பணியில் நிற்பாள். தமிழக அரசின் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத விடுப்பு உண்டு. நம் ஜவுளிக்கடையிலும், நம் மருத்துவமனையிலும், நம் பள்ளிக்கூடத்திலும் பணிபுரிபவர்களுக்கு அது இல்லை. விடுப்பை நீட்டிக்க உங்களால் இயலாது என்றால் ஏற்கலாம். இருபது நிமிடத்தையும் ஒரு தாழ்ப்பாளையும் தர இயலாது என்றால் எப்படி ஏற்பது? பாலூட்டும் தாய்க்கு ரமளான் நோன்பையே அல்லாஹ் தளர்த்தியிருப்பதாகத் திர்மிதீயில் ஹதீஸ் உண்டு. பிறகு களாச் செய்துகொள்ளலாம். பர்ளில் சலுகை தந்தான் இறைவன். நாம் இடைவேளையில் கணக்குப் பார்க்கிறோம்.

வார்டில் உடன் பணிபுரியும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நேரம் நிச்சயமில்லாத இடத்தில் மணி பார்த்துப் பயனில்லை. வார்டு சற்று அமைதியாக இருக்கும்போதே, “நீ போய் எடுத்துவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று நீங்களாகச் சொல்லுங்கள். கேட்கக் கூசுபவளுக்கு அது பேருதவி. பால் எடுக்கும் தாயும் முழு இருபது நிமிடம் கிடைக்கட்டும் என்று காத்திராமல், ஐந்து நிமிடம் கிடைத்தாலும் எடுப்பதே நல்லது. பம்ப் வாங்க வசதியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கையை நன்கு கழுவி, கையால் பீய்ச்சி எடுக்கும் முறையைச் செவிலியரிடம் கற்றுக்கொண்டால் மின்சாரம் இல்லாத வேளையிலும் கைகொடுக்கும். பணிக்குப் புறப்படும் முன்னும், திரும்பியவுடனும், இரவிலும் பிள்ளையை நேரடியாக மார்பில் விடுவதே சுரப்பைக் காக்கும்.

இனி அந்தப் பாட்டியாரின் அச்சத்துக்கு வருவோம். அவரை நான் குறைகூற மாட்டேன். காலையில் காய்ச்சிய பசும்பால் மாலையில் திரிந்துபோகும் ஊரில் வாழ்ந்தவர். அந்த அனுபவத்தைக் கொண்டே தாய்ப்பாலையும் எடைபோட்டார். அந்த அச்சத்தில் ஓர் உண்மையும் உண்டு. எடுத்த பால் 25 பாகை செல்சியஸ் வரையான அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். நம் ஊரின் வெயிலில் அந்தக் கணக்கை நம்பக்கூடாது. எடுத்த உடனே குளிரில் வைத்துவிட வேண்டும். ஐஸ் கட்டிகள் வைத்த மூடிப் பெட்டியில் ஒரு நாள், நன்கு குளிரும் குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில் நான்கு நாட்கள், உறைபெட்டியில் ஆறு மாதம் வரை அது கெடாமல் இருக்கும். கதவுப் பகுதியில் வைக்க வேண்டாம். திறக்கும்தோறும் சூடு ஏறும். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள்.

புட்டியில் கொழுப்பு மேலே ஆடையாகப் பிரிந்து நிற்கும். அதைக் கண்டுதான் பலர் திரிந்துவிட்டது என்று கொட்டிவிடுகின்றனர். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்து உருகிய பாலில் சற்றுச் சோப்பு வாடை வருவதும் கெட்டதன் அடையாளம் ஆகாது. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்காமல், வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தி இளஞ்சூடாக்குங்கள். உருகியதை மீண்டும் உறையவைக்க வேண்டாம். அறுபது மில்லி, எண்பது மில்லி என்று சிறு அளவாகவே எடுத்துவைத்தால், பிள்ளை மீதி வைக்கும்போது தாயின் உழைப்பு வீணாவதும் குறையும். புகட்டுவதற்கு நம் பாட்டிமார் கைப்பழக்கமான பாலாடை இருக்கிறதே, அதைவிடச் சிறந்த கருவி ஏது! கழுவுவதற்கும் எளிது.

இன்னொன்று. தாய் வீடு திரும்பும் நேரம் நெருங்கும்போது, பிள்ளை அழுகிறதே என்று வயிறு நிறையப் புகட்டிவிடாதீர்கள். கனத்த மார்போடு அவள் ஓடோடி வருவாள், பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வாய் மட்டும் கொடுத்து, தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருங்கள்.

கணவன்மார்களே! இரவில் ஐஸ் கட்டிகளை உறையவைப்பதும், புட்டியையும் பம்பின் உறுப்புகளையும் கழுவிக் காயவைப்பதும், ஒவ்வொரு புட்டியிலும் தேதியும் நேரமும் எழுதுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் உள்ளது. குழந்தையின் அழுகை கேட்டால் அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையையே சுருக்கியவர்கள் அவர்கள். இத்தனை முயன்றும் பால் குறைந்து போன தாயைப் பழிக்கவும் வேண்டாம். வேறு ஏற்பாடு செய்துகொள்வதில் குற்றமில்லை என்பதும் அதே 233-ஆம் வசனத்தில் உள்ளதுதான்.

புட்டி மாறுவது பற்றிய மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறேன். வேறு சிலருக்கும் பயன்படும். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்துப்படி, மார்பில் குடித்தாலும் பாத்திரத்தில் புகட்டினாலும் பால்குடி உறவு ஏற்படும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை குடித்திருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு முறையே போதும். ஆகவே இரு செவிலியரும் பெயரெழுதிய தனித்தனி டப்பாக்களில் வைத்துக்கொள்வது அவசியம். மாறியிருக்குமோ என்ற வெறும் ஐயத்தால் உறவு உண்டாகாது. உறுதியைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. உறுதியாகவே மாறிவிட்டது என்று தெரிந்தால் பதற வேண்டாம். இரு குடும்பத்தாரும் எழுதிவைத்துக்கொண்டு, எத்தனை முறை என்பதைக் கூறி ஆலிமிடம் கேளுங்கள். உறவு ஏற்பட்டிருந்தால் அவர்கள் பால்குடிச் சகோதரர்கள்; பிற்காலத்தில் திருமணம் கூடாது.

அந்த வீட்டுக்கு என் மனைவி சென்று பாட்டியாருடன் ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தார். “எங்கள் காலத்தில் பால் கட்டினால் பீய்ச்சிக் கீழே விட்டுவிடுவோம். எடுத்துவைத்துக் கொடுக்கலாம் என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்?” என்று கேட்டாராம் அந்த அம்மையார். பிறகு தாமாகவே ஒரு புட்டியை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் வைத்து, ஒரு துளியை நாவில் விட்டுப் பார்த்து, “இனிக்கத்தான் செய்கிறது” என்றாராம். இப்போது தேதி பார்த்துப் பழைய புட்டியை முதலில் எடுப்பவர் அவர்தான் என்று இளைஞர் சொன்னார். குறைந்த சுரப்பு இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை என்றும் சொன்னார்.

நிர்வாகத்தாரிடம் பேசியதில் ஒன்று முடிவாகியுள்ளது. பெண்கள் தொழும் பகுதியை ஒட்டி, பழைய பாய்களும் ஒலிபெருக்கியும் போட்டு வைத்திருந்த சிறு அறை காலி செய்யப்பட்டு, உள்தாழ்ப்பாளும் மின்விசிறியும் பொருத்தப்பட்டுள்ளன. கடைத்தெருவில் பணிபுரியும் தாய்மார்கள், எந்தச் சமயத்தவராயினும், பாலூட்டவும் பால் எடுக்கவும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி தேவைப்படுகிறது. தர விரும்புவோர் தொழுகைக்குப் பின் என்னைச் சந்திக்கவும். அறையின் சாவி பக்கத்து வீட்டில், முஅத்தின் அவர்களின் துணைவியாரிடம் இருக்கும்.